ராத்திரி ஆனா காலுக்கு மட்டும் விடிஞ்சிடுது

வலின்னு சொல்ல முடியாது. எரிச்சலும் இல்ல, மரத்துப் போறதும் இல்ல. முழங்காலுக்குக் கீழ எலும்புக்கும் சதைக்கும் நடுவுல என்னமோ நமநமன்னு ஊரும், ஒரு உதறு உதறினா நிக்கும், பத்து செகண்ட் கழிச்சு திரும்ப ஆரம்பிக்கும். முதல்தடவை இதை வீட்டுக்காரர்கிட்ட சொன்னப்ப அவர் எழுந்து லைட்டைப் போட்டு போர்வையைத் தூக்கி பூச்சி தேடினார். பாவம், நான் சொன்ன விதம் அப்படி.

எனக்கு கிட்னி ஃபெயிலியர். வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். இவ்ளோ பெரிய விஷயத்துக்கு நடுவுல போயி "டாக்டர், ராத்திரி ஆனா கால் ஒரு மாதிரி பண்ணுது"ன்னு சொல்ல எனக்கே கூச்சமா இருந்துச்சு, ஏதோ நரம்பு பலவீனமா இருக்கும்னு ஏழெட்டு மாசம் ஓட்டிட்டேன்.

ராத்திரியாவது எழுந்து நடக்கலாம். டயாலிசிஸ் சேர்ல என்ன பண்றது? கையில ரெண்டு ஊசி, கை அசையக் கூடாது, காலோ சும்மா இருக்க மாட்டேங்குது. எனக்கு சாயந்தர ஷிஃப்ட் வேற, கடைசி ஒரு மணி நேரம் நரகம். ஒருநாள் காலை உதறினதுல கை மடங்கி மெஷின் கத்த ஆரம்பிச்சிடுச்சு, நர்ஸ் ஓடி வந்து "அக்கா, கையை ஆட்டாதீங்க"ன்னுச்சு. நான் எங்கேம்மா ஆட்டினேன்? ரெண்டு தடவை படபடப்பா இருக்குன்னு பொய் சொல்லி அரை மணி முன்னாடியே ஊசியை எடுக்க வெச்சிருக்கேன். தப்புதான், தெரியும்.

அப்புறம் ஒருநாள் தாங்காம சொல்லிட்டேன். டாக்டர் நாலே கேள்விதான் கேட்டார். காலை அசைக்கணும்னு அடக்க முடியாம தோணுதா, சும்மா இருந்தா அதிகமாகுதா, நடந்தா குறையுதா, சாயந்தரம் ராத்திரிதான் மோசமா. நாலுக்கும் ஆமான்னேன். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்னார், அதாவது காலை சும்மா இருக்க விடாத நோய், டயாலிசிஸ் பண்றவங்களுக்கு சகஜமாம். வீட்டுக்கு வந்து படிச்சுப் பாத்தா 1672லயே தாமஸ் வில்லிஸ்னு ஒரு டாக்டர் இதைப் பத்தி எழுதி வெச்சிருக்கார். நான் என்னமோ எனக்கு மட்டும்தான்னு நெனச்சு வெக்கப்பட்டுட்டு இருந்தேன்.

ஆனா எனக்கு தூக்கிவாரிப் போட்டது வேற. நான் போடற மாத்திரை லிஸ்டை டாக்டர் ஒவ்வொண்ணா பாத்துட்டு ஒரு இடத்துல நின்னார். அரிப்புக்குப் போடற மாத்திரை. டயாலிசிஸ்காரங்களுக்கு அரிப்பு என்னன்னு தெரியும், அதுக்கு ராத்திரி ஒண்ணு போட்டா தூக்கமும் வரும்னு எப்பவோ ஆரம்பிச்சது. அந்த மாதிரி தூக்கம் வரவெக்கற ஆன்டிஹிஸ்டமின்தான் கால் தொல்லையை ஏத்தி விடுமாம்! நெனச்சுப் பாத்தா கரெக்ட், கண்ணு சொக்கும், சரியா அந்த நேரம் பாத்து கால் ஓட ஆரம்பிக்கும், நானும் தூக்கம் வரலையேன்னு சில நாள் இன்னொண்ணு போட்டிருக்கேன். சில வாந்தி மாத்திரை, சில டிப்ரஷன் மாத்திரைகூட இப்படிப் பண்ணுமாம். அதுக்காக நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க, டிப்ரஷன் மாத்திரையை சுத்தமா கூடாது, லிஸ்டை அப்படியே கொண்டு போய் காட்டுங்க.

அடுத்து இரும்புச் சத்து. ஹீமோகுளோபின் ஓரளவு இருந்தாலும் மூளைக்குள்ள இரும்பு குறைஞ்சா, உடம்பு அசைவைக் கட்டுப்படுத்தற டோபமின்ங்கற மூளை ரசாயனத்தோட வேலை தடுமாறுமாம். எங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஃபெரிட்டின், அதாவது உடம்புல சேமிச்சு வெச்சிருக்கற இரும்பைக் காட்டற ரத்த டெஸ்ட், மட்டும் பாத்தா பத்தாது, உடம்புல அழற்சி இருந்தா அது சும்மாவே ஏறி நிக்கும், அதனால ரத்தத்துல ஓடற இரும்பு எவ்ளோன்னு காட்டற டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் பாத்தாங்க. எனக்குக் கம்மி. டயாலிசிஸ் லைன்லயே இரும்பு ஏத்தினாங்க.

கூடவே கேபாபென்டின்னு ஒரு நரம்பு மாத்திரை, ரொம்பக் குறைஞ்ச டோஸ், டயாலிசிஸ் முடிஞ்ச அன்னிக்கு மட்டும். அது கிட்னி வழியாதான் வெளிய போகணும், எங்களுக்கு கிட்னி வேலை செய்யாததால மருந்து உள்ளயே தங்கிடும். முதல் வாரம் காலைல சுவத்தைப் பிடிச்சிட்டுதான் நடந்தேன். டோபமின் வகை மாத்திரையும் இருக்காம், முதல்ல நல்லா கேக்கும், வருஷக்கணக்குல போட்டா தொல்லை மத்தியானத்துலயே ஆரம்பிச்சு கைக்கும் பரவலாம்னு டாக்டர் தவிர்த்துட்டார்.

இந்தக் கால் தொல்லைக்கு யாராவது மெக்னீசியம் மாத்திரை போடுன்னு சொன்னா கிட்னிக்காரங்க தயவுசெஞ்சு கேக்காதீங்க. நமக்கு அது ரத்தத்துலயே சேந்துடும்.

இப்ப சுத்தமா போயிடுச்சான்னா இல்ல. வாரத்துல ரெண்டு ராத்திரி வரும். வந்தா படுத்துட்டு மல்லுக்கட்டறதில்ல, எழுந்து வெறுங்காலோட ஜில்லுனு இருக்கற தரையில நடப்பேன், கெண்டைக்காலை அழுத்தித் தேய்ப்பேன். சாயந்தரத்துக்கு மேல காபியை நிறுத்திட்டேன். சேர்ல இருக்கும்போது சுடோகு, அதுவும் கஷ்டமான லெவல், மூளை அதுல மாட்டிக்கிட்டா கால் கொஞ்சம் மறந்துடுது. டிவி பாத்தா மறக்கறதில்ல, ஏன்னு தெரியல.

போன வாரம் பக்கத்து சேர்ல புதுசா ஒரு பெரியவர். மூணாவது மணி நேரம் அவரோட குதிகால் சேரைத் தேய்ச்சுக்கிட்டே இருந்துச்சு, சரக் சரக்னு. "ஐயா, ராத்திரியும் இப்படித்தானா?"ன்னு கேட்டேன். திரும்பிப் பாத்தார். "ஆமாம்மா... ஆனா இதெல்லாம் போயி டாக்டர்கிட்ட சொல்ற விஷயமா?"ன்னார்.