எஃப்3 பிழை: போர்டு இல்லை, கிரிம்ப்தான்

எங்கள் ஓவன் திரையில் வந்துகொண்டிருந்த எஃப்3 பிழை எண் ஒழிந்தது! நேற்று ஓவனை 220 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டேன், ஒரு பீப் கூட வரவில்லை. சர்வீஸுக்கு வந்தவர் கண்ட்ரோல் போர்டையே மாற்றச் சொல்லிவிட்டுப் போன ஓவன் இது. போர்டைத் தொடவே இல்லை. கோளாறு கிரிம்ப்பில், அதாவது இரண்டு வயர்களை அழுத்திச் சேர்க்கும் சின்ன உலோக இணைப்பில் இருந்தது.

எங்கள் மாடலில் எஃப்3 என்றால் வெப்பநிலை சென்சார் சுற்று அறுந்திருக்கிறது என்று அர்த்தம். (கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காகத் தொடங்கி, 150ஐத் தாண்டியதும் பீப் அடித்து நின்றுவிடும். சூடானால் மட்டும் வருகிற கோளாறு என்றால் எனக்கு முதல் சந்தேகம் இணைப்பின் மேல்தான்.

எம்சிபியை (மெயின் பெட்டியில் இருக்கும் சர்க்யூட் பிரேக்கர்) இறக்கிவிட்டு, பின்தகட்டைக் கழற்றி, சென்சாரைத் தனியாக அளந்தேன். பிடி1000 வகை, அதாவது சூடு ஏற ஏற மின்தடை கூடும் பிளாட்டினம் சென்சார். 0 டிகிரியில் 1000 ஓம், டிகிரிக்குச் சுமார் 3.85 ஓம் கூடும். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க அட்டவணைகளில் அறை வெப்பநிலைக்கு 1080 ஓம் என்று போட்டிருக்கும். அது 21 டிகிரிக்கான கணக்கு. சென்னைச் சமையலறையில் 32 டிகிரி அடிக்கும்போது 1124 வந்தால்தான் சரி. 1080ஐ நம்பி நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முனையை மட்டும் கொதிநீரில் வைத்தேன், 1385க்குப் பக்கத்தில் வந்து நின்றது. சென்சார் நல்லது.

அப்புறம்தான் உண்மையான வேலை. போர்டில் செருகும் கனெக்டரைப் பிடுங்கி, அந்த முனையிலிருந்து முழு வயரையும் சேர்த்து அளக்க வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குளிர்ந்த நிலையிலேயே சில ஓம் கூடுதலாகக் காட்டியது. சென்சார் வயரும் உள்வயரும் சேரும் கிரிம்ப்பில் ஹேர் டிரையரைக் காட்டியதும் ஓம் ஏறத் தொடங்கியது, கொஞ்சம் ஆட்டியதும் சுற்று அறுந்தது. இந்த இடத்தில் டிஜிட்டல் மீட்டரை நம்பாதீர்கள். எண் மாறுவதற்குள் அறுந்த இணைப்பு மறுபடி ஒட்டிக்கொள்ளும். பழைய முள் மீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன், அதில் ஒவ்வொரு துடிப்பும் தெரிந்தது. அதை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

கொஞ்ச நாளாக ரொட்டி வெளுத்தே வந்ததற்கும் இதுதான் காரணம். இணைப்பில் 40 ஓம் கூடினால், உள்ளே பத்து டிகிரி அதிகம் இருப்பதாகப் போர்டு நினைத்துக்கொண்டு சூட்டைக் குறைத்துவிடும். பிழை எண் வருவதற்கு முன்பே ஓவன் பொய் சொல்லத் தொடங்கியிருக்கிறது.

பழைய கிரிம்ப்பை வெட்டி எறிந்து புதிதாகப் போட்டேன். சால்டர் வேண்டவே வேண்டாம், 60/40 ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும். கட்டிங் பிளேயரால் நசுக்குவதும் கூடாது, அது தகட்டைத் தட்டையாக்குமே தவிர கம்பியைக் கவ்வாது. முழுதாக அழுத்தி முடிக்கும்வரை திறக்காத ராட்செட் கிரிம்பர்தான் சரி. மேலே சூடு தாங்கும் ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ் (உறை). ரிச்சி தெருவில் கேட்ட கடைகளிலெல்லாம் சாதாரண ஹீட் ஷ்ரிங்க்கை (சூடு காட்டினால் சுருங்கும் பிளாஸ்டிக் உறை) நீட்டினார்கள், கடைசியில் ஹீட்டர் காயில் விற்கும் ஒரு கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தார்கள். கிரிம்ப் போடுவதற்கான நிக்கல் பூசிய லக்தான் (வயரைக் கவ்வும் உலோகத் துண்டு) கிடைப்பது கஷ்டம். பார்த்த இடத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பின்தகடு இன்னும் இரண்டு ஸ்க்ரூவில்தான் நிற்கிறது. மழைக்காலத்தில் ஓவன் போட்டதும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகிறதே, அதையும் பார்த்துவிட்டு மூடலாம் என்று இருக்கிறேன். எலிமென்டுக்குள் (சூடாக்கும் கம்பி) இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை இழுக்கும், அதுதான் என் சந்தேகம். நண்பரிடம் மெக்கர் (மின்கசிவைக் கண்டுபிடிக்க இன்சுலேஷனை அளக்கும் கருவி) கேட்டிருக்கிறேன். வந்ததும் முதலில் கீழ் எலிமென்ட், அப்புறம் ஃபேனைச் சுற்றியுள்ள எலிமென்ட்.