பஸ்ஸில் ஏறிய காளி: குலசை தசராவும் என் கேமராவும்

குலசை தசரா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள், பக்தர்கள் வேஷம் கட்டி வரும் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் திருவிழாதான் அது. நாக்கை நீட்டிய காளி வரும். அடுத்து அதே காளி இன்னும் கிட்டத்தில், அதற்கடுத்து அதே காளி கறுப்பு வெள்ளையில். மைசூருக்கு அடுத்தபடியாக தசரா என்றால் பெயர் சொல்லும் ஊர், லட்சக்கணக்கில் கூடும் கூட்டம், கண் கொள்ளாத அளவுக்கு வேஷங்கள். ஆனால் படம் மட்டும் எல்லோரிடமும் ஒன்றுதான். அந்த எரிச்சலில்தான் இந்த வருஷம் கிளம்பினேன். ஊர் திரும்பிவிட்டேன், காதுக்குள் மேளம் இன்னும் நிற்கவில்லை. வழி, செலவு, கேமரா என்று வரிசையாக எழுதுகிறேன் என நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். வரிசை எவ்வளவு தூரம் தாங்குமோ தெரியவில்லை.

வழியில் சிக்கல் ஒன்றும் இல்லை. சென்னையிலிருந்து செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் திருச்செந்தூரில் இறங்கலாம். அங்கிருந்து கடலோரமாக 15 கிலோமீட்டருக்குள் குலசேகரன்பட்டினம். திருவிழா நாட்களில் சிறப்புப் பேருந்துகள் ஓடுகின்றன, டிக்கெட்டும் சில்லறைக் காசுதான். ஆனால் தோளில் கேமராப் பையோடு ரயில்நிலைய வாசலில் நின்றால் யார் விடுவார்கள்? ஓர் ஆட்டோக்காரர் 700 ரூபாய் கேட்டார். "கூட்டம் அண்ணாச்சி, திரும்பி சவாரி கிடைக்காது" என்றார். பேசிப் பேசி 500-க்கு இறக்கி ஏறி உட்கார்ந்தேன். ஊருக்கு வெகு முன்னாலேயே போலீஸ் தடுப்பு. "இதுக்கு மேல வண்டி போகாது" என்று இறக்கிவிட்டு, போகிற போக்கில் இன்னொரு 50 கேட்டார். எதற்கு என்று கேட்டேன். பை கனமாம்! கடைசி நாள் அன்று எல்லா வண்டிகளையும் தொலைவிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பேருந்தில் போங்கள்.

அறை விஷயம் இன்னும் மோசம். மற்ற நாட்களில் 800 ரூபாய்க்கு விடும் அறைக்கு 2500. விசிறி சுற்றியது, அதைத் தவிர அங்கே பாராட்ட ஒன்றும் இல்லை. திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ தங்கிவிட்டு வந்து போனால் பாதிச் செலவு மிச்சம், தூக்கம்தான் போகும். திருவிழாவில் தூக்கம் எப்படியும் கிடையாது என்பதால் அதுவே புத்திசாலித்தனம்.

சரி, வேஷத்துக்கு வருவோம். கொடியேற்றம் முடிந்து காப்புக் கட்டிக்கொண்ட பக்தர்கள்தான் வேஷம் போடுவார்கள். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, குழுக் குழுவாக ஊர் ஊராகப் போய் தர்மம் எடுத்து, அந்தக் காணிக்கையைப் பத்தாம் திருநாளில் கோயில் உண்டியலில் சேர்ப்பார்கள். குறவன், குறத்தி, போலீஸ், எமன், கரடி, குரங்கு, ராஜா, ராணி, பிச்சைக்காரர் எனப் பட்டியல் நீளும். காளி வேஷத்துக்கு விரதம் கடுமை. பல நாள் குடிலில் தங்கி, ஒரு வேளைச் சாப்பாட்டோடு இருந்துதான் கட்ட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கேமராவைத் தூக்கினால், எதிரில் இருப்பது ஃபேன்ஸி டிரெஸ் போட்டி என்ற நினைப்பில்தான் படமும் வரும். நம்மிடம் இருப்பதில் பாதிப் படங்கள் அப்படி வந்தவைதான்.

என் கட்சி இதுதான்: வேஷம் முழுசாக முடிந்து, கேமராவைப் பார்த்து நிற்கும் நேரம் மிகவும் சப்பையான நேரம். அதற்கு முன்னாலும் பின்னாலும்தான் படம் இருக்கிறது. ஆளும் வேஷமும் ஒன்றாகத் தெரியும் இடத்துக்குப் போக வேண்டும்.

அதனால் கோயிலுக்கு நேராகப் போகாமல் முதலில் பக்கத்து ஊரான உடன்குடிப் பக்கம் போனேன். கடைகளில் கிரீடம், சடைமுடி, நெற்றிப்பட்டை, கண்மலர், காளிக்கு வாயில் வைக்கும் வீரப்பல் எல்லாம் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. லாரி ஓட்டுநர் ஒருவர் குறத்தி வேஷத்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன், வீட்டுக்கு வரச் சொன்னார். அவர் மனைவிதான் அலங்காரம். வளையல் அவர் மணிக்கட்டில் ஏறவே இல்லை. கையில் சோப்பு நுரை தேய்த்து, விரல்களைக் கூட்டிப் பிடித்து, ஒவ்வொன்றாக ஏற்றினார் அந்த அக்கா. வாயில் நாலைந்து ஊக்கு, அதைக் கடித்தபடியே சிரிப்பு. "எனக்குக்கூட இவ்வளவு பொறுமையா புடவை கட்டுனதில்ல" என்று சொல்லிக்கொண்டே கொசுவத்தைச் செருகினார். வண்டி ஓட்டிக் காய்த்துப்போன அந்தக் கையும், நுரையில் பளபளத்த கண்ணாடி வளையலும்தான் நான் எடுத்ததிலேயே நல்ல படம். முகமே அதில் இல்லை.

பெண் வேஷம் போட்ட ஆண்களை எடுக்கும்போது பலர் செய்வது என்ன? இடுப்பில் கை வைத்து நிற்கச் சொல்லி, பின்னால் நாலு பேர் சிரிப்பதையும் சேர்த்து எடுப்பார்கள். பார்ப்பவரும் சிரித்துவிட்டுத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். யார் கட்டிவிட்டார்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள், எதைச் சரிசெய்தார்கள் என்பதை எடுத்தால் கேலிக்கு இடமே இல்லை. கண்ணாடியில் தன்னைத் தானே பார்க்கும் முதல் பார்வையைத் தவறவிடாதீர்கள். அவர் தோளுக்குப் பின்னால் நின்று, கண்ணாடியில் தெரியும் முகத்துக்கு ஃபோகஸ் வையுங்கள். அந்த வீட்டில் இருந்தது கதவு வழியாக வந்த வெளிச்சம் மட்டும்தான். 35 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8-இல், அதாவது வெளிச்சம் நிறைய உள்ளே வரும்படி அகலமாகத் திறந்து வைத்து வேலை முடிந்தது. ஃபிளாஷ் அடித்திருந்தால் அரிதாரம் வெள்ளைச் சுவராகிப் போயிருக்கும்.

படம் எடுப்பதற்கு அனுமதி ஒன்று, வெளியிடுவதற்கு இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். "வாட்ஸ்அப்ல அனுப்புங்க, ஃபேஸ்புக்ல போட்டுறாதீங்க" என்று சொன்னவர்கள் உண்டு. வேலை பார்க்கும் இடத்தில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றிருக்கலாம், விரதத்தை விளம்பரம் பண்ணக்கூடாது என்றிருக்கலாம். காரணம் கேட்க நமக்கு உரிமையில்லை. காளி கட்டியவரை, உள்ளே இருப்பது மீசைக்காரராகவே இருந்தாலும், எல்லோரும் "அம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள். பத்து ரூபாய் நாணயங்களை மாற்றி வைத்துக்கொண்டு தட்டில் போட்டுவிட்டுப் பேசுங்கள், அது உண்டியலுக்குப் போகிற பணம். நாள் முழுக்கப் போட்டும் எனக்கு 400 ரூபாய்தான் ஆனது. அந்த ஆட்டோவுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு!

உடன்குடியிலேயே மதியச் சாப்பாடு. பெயர்ப் பலகை இல்லாத ஒரு சின்ன மெஸ். இலையில் சொதி, பக்கத்தில் இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு. தேங்காய்ப்பால் வாசனை வாசல் வரை வந்தது. சொதியை நிறையப் பேர் மாவு கரைத்த தண்ணீராகச் செய்து பேரைக் கெடுக்கிறார்கள். இங்கே முருங்கைக்காயும் பாசிப்பருப்பும் வெந்து பாலோடு சேர்ந்திருந்த பதம், அப்பப்பா. இரண்டாவது முறை கேட்டதும் முகம் சுளிக்காமல் ஊற்றினார்கள். 120 ரூபாய். முடித்துவிட்டு ஒரு கருப்பட்டிக் காபி. உடன்குடிக்குப் போய் கருப்பட்டி வாங்காமல் வருபவரோடு எனக்குப் பேச்சில்லை.

அங்கிருந்து குலசைக்குப் பேருந்து. மூச்சு விட இடமில்லை. வழியில் ஒரு காளி கைகாட்ட, வண்டி நின்றது. முதுகில் கட்டிய பலகைக் கைகள் வாசலில் இடித்தன. கண்டக்டர் நிதானமாக முடிச்சை அவிழ்த்து, "அம்மா கையைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்று உள்ளே நீட்டினார். தலைகளுக்கு மேல் அந்தக் கைகள் ஒவ்வொருவராகக் கைமாறிப் பின் ஸீட் வரை போயின. ஒரு பாட்டி எழுந்து காளிக்கு இடம் விட்டார். வீரப்பல்லைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, "திருச்செந்தூர் வண்டியெல்லாம் ஒரே கூட்டம்" என்று பாட்டியிடம் குறைப்பட்டுக்கொண்டார் காளி. செல்போனில்தான் எடுத்தேன், பெரிய கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இடமில்லை. கோயில் வாசலில் எடுத்த அத்தனை காளிகளையும் இந்த ஒரு படம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

முகமூடிக்காரர்களை எடுப்பது வேறு வித்தை. உச்சி வெயிலில் கரடி, குரங்கு முகமூடிகளின் கண் துளை வெறும் கறுப்புப் பள்ளமாகத் தெரியும், உயிரே இருக்காது. சாயங்காலம் நாலரைக்கு மேல் வெயில் பக்கவாட்டில் வரும்போது எடுங்கள். தாடையைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னால் துளைக்குள் வெளிச்சம் போகும், உள்ளே நிஜக் கண் தெரியும். யாராவது வெள்ளை வேட்டியை விரித்துக் கீழே பிடித்தால் இன்னும் நல்லது. பக்கத்திலிருந்து பார்த்தால் ரப்பர் முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் வியர்வை வழிந்துகொண்டிருக்கும், அதையும் விடாதீர்கள். முகமூடி போட்டவருக்குத் தன் காலடி தெரியாது. அவர் எதிரில் பின்னோக்கி நடந்தபடி எடுப்பவர்கள் குறுக்கே விழுந்தால் இரண்டு பேருக்கும் அடி.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. சிவப்புப் புடவை, சிவப்பு நாக்கு, குங்குமம் எல்லாம் சேரும்போது கேமராவின் சிவப்பு அளவு முதலில் எகிறிவிடும், துணி மடிப்பெல்லாம் ஒரே பூச்சாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் குறைத்து வைத்தேன். இரும்பு ஆயுதங்களுக்குப் போலீஸ் தடை இருப்பதால் சூலாயுதமெல்லாம் ஜிகினா ஒட்டிய மரமும் அட்டையும்தான். வெயிலில் கண்ணாடி மாதிரி அடிக்கும், கொஞ்சம் கோணம் மாறி நின்றால் போதும்.

வீடியோ எடுக்க வந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. விரதத்தில் களைத்து, அருள் வந்து ஆடும் ஒருவரின் கண்ணுக்கு ஒரு முழம் தள்ளி எல்.இ.டி. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒரு கும்பல். அவர் கண்ணை மூடிக்கொண்டே ஆடினார். என்ன வீடியோ அது? ஆட்டத்தை எதிரில் நின்று எடுத்தால் எல்லாமே ஒன்றுபோல இருக்கும். சலங்கை கட்டிய காலில் தொடங்கி, ஒரே ஷாட்டாக அவர் பின்னாலேயே கூட்டத்துக்குள் நடந்து போய்ப் பாருங்கள், கூட்டம் வழிவிடுவதே காட்சியாகிவிடும். அலங்காரத்துக்கு டைம்லாப்ஸ் நல்ல வழி, விட்டு விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டும் வீடியோ அது: இரண்டு நொடிக்கு ஒரு படம் என்று இரண்டு மணி நேரம் எடுத்தால் 3600 படங்கள், நொடிக்கு 25 என்று ஓட்டினால் இரண்டரை நிமிடத்துக்குள் முடியும். டியூப்லைட், சீரியல் விளக்கு வெளிச்சத்தில் வீடியோ எடுத்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வேறு வேகம் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். எல்.இ.டி. சிலவற்றுக்கு அதுவும் போதாது, எடுத்ததை உடனே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். சத்தத்துக்கு ஒரு சின்ன ரெக்கார்டர் தனியாக இருக்கட்டும், அளவை நன்றாகக் குறைத்து வையுங்கள். செண்டையும் தாரை தப்பட்டையும் ஒன்றாகக் கிளம்பினால் செல்போன் மைக்கில் வெறும் கரகரப்புதான் மிஞ்சும்.

நள்ளிரவு மகிஷாசுர சம்ஹாரம் கடற்கரையில், சிதம்பரேஸ்வரர் கோயிலுக்கு முன்னால். டிரைபாட் நிறுத்துவதையெல்லாம் மறந்துவிடுங்கள், கால் வைக்கவே இடமில்லை. சூரன் சிங்க முகம், எருமை முகம், சேவல் என்று தலையை மாற்றிக்கொண்டே வருவான். கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ. 6400, ஷட்டர் 1/200, படத்தில் பொடிப் பொடியாகப் புள்ளி வந்தால் வரட்டும். எல்லோரும் சம்ஹாரத்தையே எடுத்தார்கள். நான் திரும்பி நின்று, அதைப் பார்க்கும் வேஷக்காரர்களை எடுத்தேன்: தகப்பன் தோளில் உட்கார்ந்த குட்டிக் குரங்கு, தலைக்கு மேலே செல்போனைத் தூக்கிப் பிடித்த எமன், கூட்டத்தில் தொலைந்த ஒரு குழந்தையின் கையைப் பிடித்து நிஜப் போலீஸிடம் ஒப்படைக்கும் வேஷப் போலீஸ். மணலும் உப்புக் காற்றும் இருக்கும் இடம், லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள். நெட்வொர்க் செத்துவிடும், ஜி.பே நடக்காது, ரொக்கம் இருக்கட்டும்.

அறை, ரயில், சாப்பாடு, காணிக்கை, கொள்ளை ஆட்டோ எல்லாம் சேர்த்து 6000-த்தைத் தாண்டிவிட்டது. அறை மட்டும் இல்லையென்றால் செலவு நிறையவே குறைந்திருக்கும். அடுத்த வருஷம் கொடியேற்றத்துக்கே போய், ஏதாவது ஒரு குழுவோடு ஊர் ஊராகச் சுற்றுவதாக உத்தேசம்.

இப்போது தினமும் ராத்திரி உட்கார்ந்து, எண் கொடுத்தவர்களுக்கெல்லாம் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் வந்த காளிக்கு நேற்று அனுப்பினேன். சிவப்பைக் குறைத்து, பதமாகத் திருத்தி, பெருமையாகத்தான் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அண்ணே, சூப்பர். சிவப்பைக் கொஞ்சம் கூட்டி இன்னொண்ணு அனுப்புங்க, ஊர்ல ஃப்ளெக்ஸ் அடிக்கணும். பாட்டியை மட்டும் வெட்டிருங்க."