தோடர் தையல்: இழையை எண்ணும் கை

நீலகிரித் தோடர் பழங்குடிப் பெண்களின் பூத்தையலுக்குத் துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டமும் வேண்டாம், பென்சில் கோடும் வேண்டாம். அம்மா இழை எண்ணுவதைப் பார்த்துப் பார்த்தே மகளுக்குக் கை பழகிவிடும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற கலை இது.

தடித்த வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பு, கறுப்புக் கம்பளி நூல். இழைகளை எண்ணி, சிலவற்றின் மேலும் சிலவற்றின் கீழுமாக ஊசி வரிசையாக ஓடும். வரிசை திரும்பும் இடத்தில் நூலைச் சுண்டி இழுக்காமல் சின்ன வளையமாக விடுவார்கள். தையலின் புடைப்பே அந்த வளையத்தில்தான். இறுக்கினால் துணி சுருங்கும். தளர்ந்தால் வளையலில் மாட்டிக்கொள்ளும்.

துணி தேர்வில் கவனம் வேண்டும். ஓர் அங்குலத்தில் பாவும் (நீள இழை) ஊடையும் (குறுக்கு இழை) எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சதுரம் செவ்வகமாக நீண்டுவிடும். எங்காவது ஓர் இழை தவறினால் அடுத்த வரிசையில் சரிக்கட்ட முயலாதீர்கள். கோணல் மேலேறிக்கொண்டே போகும். தவறிய வரிசைவரை பிரித்துவிடுவதுதான் வழி. அதனால் முதல் வரிசையை இரண்டு தடவை எண்ணுங்கள். அதற்குச் செலவாகும் பத்து நிமிடம் வீண் அல்ல.

துவைக்கும்போது குளிர்ந்த நீர் போதும். சிவப்பு நூலின் ஓரத்தை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்து, சாயம் போகிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.