எங்கிருந்து சொட்டுகிறது

ஜூன் 9
பிரித்துப் புதுப்பித்து மாட்டிய பழைய கார் எஞ்சின் உயிர் பிடித்துவிட்டது. ஆயில் பிரஷர் அசையாமல் நிற்கிறது. அண்ணன் ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொள்ள நான் டைமிங் வைத்தேன். அந்தச் சத்தம்! இன்று வேறெதுவும் எழுதப் போவதில்லை.

ஜூன் 10
காலையில் காருக்கு அடியில் பொட்டுப் பொட்டாக எண்ணெய்.

ஜூன் 11
பெரிய அட்டை ஒன்றைக் காருக்கு அடியில் விரித்து, முன்சக்கரம் எங்கே, சம்ப் என்கிற அடி எண்ணெய்த் தொட்டி எங்கே, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற பெல் ஹவுசிங் எங்கே என்று பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன். நடுக்கோட்டில்தான் பெரிய கறை. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்துக்கு நேர் கீழே. அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "பின்பக்க மெயின்தான்டா. எஞ்சினை இறக்கிடலாம்" என்றான். பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு, அதுதான் கிராங்க், அதைப் பின்முனையில் தாங்குகிற மெயின் பேரிங்கைச் சொல்கிறான்.

இறக்கிடலாமாம். ஏற்றி மாட்டிய முதுகுவலியே இன்னும் போகவில்லை.

சொட்டுகிற இடத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. மேலே எங்கோ கசிந்து, பிளாக் ஓரமாக வழிந்து, சம்ப் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்து, எது தாழ்ந்த மூலையோ அங்கே வந்து விழும். ஃபேன் காற்று வேறு பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். நனைந்த இடங்களில் எது உயரத்தில் இருக்கிறது, எது முன்னால் இருக்கிறது, அங்கிருந்து தேட வேண்டும். இதை அண்ணனிடம் சொன்னேன். "சரி, தேடு" என்றான். அந்த "சரி" எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 12
மழை. காரைத் தொடவில்லை. அட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூன் 14
எஞ்சின் முழுக்க டிகிரீசர் போட்டுக் கழுவி, காய்ந்ததும் பவுடரை ஊதிவிட்டேன். ஓடவிட்டால் எண்ணெய் வருகிற வழி வெள்ளையில் கறுப்பாகத் தெரியும். தெரிந்தது. எஞ்சின் உச்சியை மூடுகிற தகடு, ராக்கர் கவர், அதன் பின்மூலையிலிருந்து ஒரு மெல்லிய கோடு.

கவரைக் கழற்றி விளிம்பில் ஸ்கேலை வைத்தேன். போல்ட் இருக்கிற பக்கம் குழிந்திருக்கிறது. எந்தக் காலத்திலோ யாரோ முறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். கார்க் பேக்கிங்குக்கு முறுக்கு ஆகாது. லீக் என்றதும் ஸ்பேனரை எடுத்து இறுக்குகிற கை இருக்கிறதே, அதுதான் பாதி லீக்குக்குக் காரணம். கார்க் பிதுங்கி வெளியே வந்து பிளந்துவிடும், தகடும் வளைந்துவிடும். விளிம்பைக் கட்டைமேல் வைத்துத் தட்டித் தட்டிச் சமமாக்கினேன். புது கார்க். விரலால் இறுக்கி, அதற்குமேல் கொஞ்சம்தான்.

ஜூன் 15
ராக்கர் கவர் காய்ந்தே இருக்கிறது. அட்டையில் அதே இடம், அதே கறை.

ஜூன் 17
பெல் ஹவுசிங்கின் அடியில் ஓர் ஓட்டை. அதில் ஒரு ஸ்பிளிட் பின் தளர்வாகத் தொங்கும். அழுக்கு ஓட்டையை அடைக்காமலிருக்க அது ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் நுனியில் ஒரு துளி நின்றது. விரலில் வாங்கித் தேய்த்து முகர்ந்தேன். கியர்பாக்ஸில் நாங்கள் ஊற்றியது கந்தக நெடி அடிக்கிற கியர் ஆயில். இதில் அந்த நெடியே இல்லை. தேன் நிறம். புது எஞ்சின் ஆயில்.

கியர்பாக்ஸ் சீலாக இருக்கக்கூடாதா என்று எவ்வளவு ஆசைப்பட்டேன்.

இந்த எஞ்சினில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. மூன்று மெயின் பேரிங், கிராங்கின் பின்முனையில் மரை மாதிரி வெட்டிய பள்ளம், அவ்வளவுதான். கிராங்க் சுற்றும்போது அந்த மரை எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பிவிடும். சுற்றியிருக்கிற உலோகத்துக்கும் அதற்கும் மயிரிழை இடைவெளி. எஞ்சின் நின்றால் மரையும் வேலை செய்யாது. ஆகவே நிறுத்திய பின் ஒரு சொட்டு விழுவது அதன் பிறவிக்குணம். ஒரு சொட்டு. அட்டையில் இருப்பது குளம்.

ஜூன் 18
தூக்கமில்லை. வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்டின் பின்முனையை அடைக்கும் பிளக்கா? பிளாக்குக்குள் எண்ணெய் ஓடுகிற வழியான ஆயில் கேலரியின் பிளக்கா? அதுவும் பெல் ஹவுசிங்குக்குள்தான் ஒழுகும். எதுவானாலும் இறக்கித்தான் ஆக வேண்டும்.

ஜூன் 19
அண்ணன் போன் செய்தான். எடுக்கவில்லை.

ஜூன் 20
எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து, வாயில் ஒரு காகிதத் துண்டை வைத்தேன். பறந்து போய் பேட்டரி மேல் விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி பறந்தது.

பேக் கம்ப்ரஷன்! பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வாயு கீழே இறங்குகிறது. புது ரிங் இன்னும் போரோடு, பிஸ்டன் ஏறி இறங்குகிற குழியின் சுவரோடு, சேரவில்லை, கொஞ்சம் இருக்கும்தான். அது வெளியே போக வழி வேண்டாமா? உள்ளே அழுத்தம் ஏறினால் பின்பக்க மரை என்ன செய்யும், பாவம்.

அந்த வழிதான் ப்ரீதர். பக்கவாட்டு டேப்பட் கவரில் இருக்கிற அதைக் கழற்றி வாய் வைத்து ஊதினேன். கன்னம் வலித்ததுதான் மிச்சம். உள்ளே ஒரு கம்பி வலை உண்டு. பெயின்ட் அடித்துக் கொடுத்தவர்கள் கவரை உள்ளும் புறமுமாக நனைத்தெடுத்திருக்கிறார்கள். வலை பலகையாகிக் கிடக்கிறது. வெளியே பார்த்தால் என்ன பளபளப்பு! வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

ஜூன் 21
வலை தின்னரில் ஊறுகிறது. டப்பாவைப் போகும்போதும் வரும்போதும் குலுக்குகிறேன். வீடெல்லாம் நெடி என்று அம்மா டப்பாவை வெளியே வைத்துவிட்டாள்.

ஜூன் 23
மாட்டியாயிற்று. காகிதம் மூடியின் வாயிலேயே கிடந்து லேசாகத் துடிக்கிறது. ஓட்டிப் பார்த்தேன். ஏற்றத்தில் நல்ல இழுவை கொடுத்து, இறக்கத்தில் காலை எடுத்து, மறுபடி இழுவை. ரிங் சேர இதுதான் வழி. நின்ற இடத்தில் ஐடிலிங்கில் விட்டால் போர் வழவழப்பாகி ரிங் சேராமலே போய்விடும். புது அட்டை விரித்தேன். அண்ணனும் வந்து குனிந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 24
நடுக்கோட்டில் ஒரே ஒரு சொட்டு. ஒன்றே ஒன்று!

ஜூன் 26
முன்பக்கம் ஒரு கறை. கிராங்கின் முன்முனையில் இருக்கிற புல்லிக்குக் கீழே. இத்தனை நாள் இது இல்லையா, இல்லை பெரிய கறையையே பார்த்துக்கொண்டிருந்ததில் கண்ணில் படவில்லையா?

எஞ்சினின் முன்மூடியான டைமிங் கவரை இறுக்குமுன் புல்லியைச் செருகி ஆயில் சீலை நடுப்படுத்தினோம், நன்றாக ஞாபகமிருக்கிறது. புல்லியின் கழுத்தில் பழைய சீல் தேய்த்த பள்ளம் இருந்ததா?

ஜூன் 27
அண்ணனுக்கும் ஞாபகமில்லை. பள்ளம் இருந்தால் அதன்மேல் மெல்லிய எஃகு வளையம் ஏற்றிவிடலாம். எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. ஆனால் ரேடியேட்டரை எடுக்காமல் புல்லி நட்டுக்கு ஸ்பேனர் நுழையாது. தண்ணீரை வடியவிட்டிருக்கிறேன்.