23 நாள் லீவும் பாய் ஊர்ப் பனியும்

டிசம்பர் பிறந்ததும் நான் செய்த முதல் வேலை, ஆபீஸ் நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு என் லீவை எண்ணிப் பார்த்ததுதான். எனக்கு இங்கே மலேசியாவில், பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி (குமாஸ்தா) வேலை. பழக்குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறும், எடை எடுப்பேன். கொட்டிவிட்டு வெறும் லோரியாகத் திரும்பி வரும், மறுபடி எடை எடுத்துச் சீட்டுக் கொடுப்பேன். நான்கு வருஷமாக இதே வேலை. அதற்குச் சட்டப்படி ஆண்டுக்கு 12 நாள் லீவு. தீபாவளிக்கு 3 போனது. சின்னவனுக்கு டெங்கி வந்தபோது 5. பெரியவள் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோயில் திருவிழாவுக்கு ஒன்று. மிச்சம் 2.

பள்ளி லீவோ டிசம்பர் 20இலிருந்து ஜனவரி 11 வரை. 23 நாள்.

கோவிட்டுக்குப் பிறகு பள்ளி ஆண்டு மார்ச், பிப்ரவரி என்று அலைந்துகொண்டிருந்தது. 2026இல்தான் பழையபடி ஜனவரியில் தொடங்குகிறது. எங்கள் காலத்து டிசம்பர் லீவு திரும்பி வந்துவிட்டது என்று நானும் முதலில் குதித்தவள்தான். அந்தக் காலத்தில் வீட்டில் ஆள் இருந்தது என்பதை மறந்துபோனேன்.

வீட்டுக்காரர் எண்ணெய் டேங்கர் ஓட்டுகிறார். போர்ட் கிள்ளான் போய் வருவார், எப்போது திரும்புவார் என்பது அங்கே நிற்கும் வரிசையைப் பொறுத்தது. பெரியவளுக்கு 11 வயது. "நான் பார்த்துக்கிறேன்மா, கதவைப் பூட்டிட்டுப் போங்க" என்றாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் விட்டுப்போவது 2001ஆம் ஆண்டு சிறுவர் சட்டத்தில் குற்றம். சட்டத்தை விடுங்கள். எங்கள் குடியிருப்பான தாமானுக்குப் பின்னால் பழைய ஈயக்குட்டை இருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஈயம் தோண்டிவிட்டுப் போன இடமெல்லாம் இப்போது குளம். (ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். என் அம்மாவுக்கு இன்னும் பத்தாங்தான்.) மழைக்காலத்தில் அந்தக் குளத்தைப் பார்த்தால் எனக்கே வயிற்றைப் பிசையும். எட்டு வயசுப் பையன் அங்கே மீன் பிடிக்கப் போகாமல் இருப்பானா?

லீவுப் பராமரிப்பு நடத்தும் ஓர் இடத்தில் விசாரித்தேன். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 35 வெள்ளி (ரிங்கிட்). கிறிஸ்துமஸ், புத்தாண்டு, சனி, ஞாயிறு, என் 2 நாள் லீவு எல்லாம் கழித்தாலும் 11 நாள். இரண்டு பேருக்கு 770 வெள்ளி. பள்ளித் தொடக்க உதவி என்று அரசாங்கம் பிள்ளைக்கு 150 வெள்ளி கொடுக்கிறது, அது சப்பாத்துக்கும் உடுப்புக்குமே பற்றாது. அப்புறம் என்ன, அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"கொண்டாந்து விடு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அம்மா இன்னும் தோட்டத்து லயத்தில்தான், தொழிலாளர் வரிசை வீட்டில்தான் இருக்கிறார். தம்பி அங்கே டிராக்டர் ஓட்டுவதால் வீடு கையில் இருக்கிறது. எங்கள் தாமானிலிருந்து மோட்டாரில் 20 நிமிஷம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்துக் கடைசியில் ஆயாக் கொட்டாய் இருந்தது. அம்மா விடியற்காலை பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் வழியில் என்னைத் தூக்கத்தோடு அங்கே போட்டுவிட்டுப் ரப்பர்ப் பால் மரம் சீவப் போய்விடுவார். தகரப் பால் டப்பா, கயிற்றுத் தூளி, ஒரே ஆயாவுக்கு இருபது பிள்ளை. அந்தக் கொட்டாய் இருந்த இடத்தில் இப்போது உர மூட்டை அடுக்கியிருக்கிறது.

ரப்பரை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார், முழங்கால் போகும் வரைக்கும். செம்பனைக்கு இந்த வட்டாரம் பழைய ஊர்தான். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே இங்கே பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டம்தான், 1917இல் ஹென்றி ஃபோக்கனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டது.

பிள்ளைகளை விடப் போன அன்று லயத்தை ஒரு கண்ணோட்டம் விட்டேன். 24 கதவில் நம்மவர்கள் 7. மற்றதெல்லாம் பங்களாதேஷ், இந்தோனேசிய வேலையாட்கள். கொடியில் லுங்கி வரிசையாகக் காய்கிறது. எனக்கு மனது ஒப்பவில்லை. "வெளியில யார்கிட்டயும் விடாதீங்கம்மா" என்று காதோடு சொன்னேன். அம்மா சத்தமாகவே சொன்னார்: "அவனுங்களும் பிள்ளை பெத்தவனுங்கதான்டி." பக்கத்துத் திண்ணையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். தமிழ் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

முதல் ஞாயிறு வீட்டுக்காரர் சும்மா இருக்காமல் கோலாலம்பூரில் ஒரு பேரங்காடிக்கு எங்களைக் கூட்டிப்போனார். பனி பொழியுதாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் காடி ஓட்டி, 40 நிமிஷம் பார்க்கிங் தேடி, கூட்டத்தில் நசுங்கி நின்றால், மேலே ஒரு குழாயிலிருந்து சோப்பு நுரை பறந்து வந்தது. சின்னவன் வாயைத் திறந்து அண்ணாந்து நின்றான். "அம்மா, பனி கண்ணு எரியுது" என்று ஒரே அழுகை. திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்வி: உண்மையான குளிர்காலம் எப்படி இருக்கும்? நமக்கு ஏது குளிர்காலம். மழை விடாமல் பெய்து, காலையில் 23 டிகிரிக்கு இறங்கினாலே அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொள்வார்.

அந்தக் கேள்வியை அவன் லயத்துக்கும் கொண்டுபோயிருக்கிறான். பதில் சொன்னவர் அந்தத் திண்ணைக்காரர்.

அவரைப் பிள்ளைகள் பாய் என்கிறார்கள், அம்மா தம்பி என்கிறார். ஜெஷோர் பக்கத்து ஆள். 2023இல் வந்தவர், இன்னும் ஊர் பக்கம் போகவில்லை. குலை அறுக்கிற வேலை. மதியம் வேலை முடிந்து குளித்ததும் தென்னை மட்டை ஒன்றைச் செதுக்கி என் மகனுக்குக் கிரிக்கெட் பேட் செய்து கொடுத்திருக்கிறார். டென்னிஸ் பந்தில் கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றினால் அதுதான் பந்து. கால்பந்தைத் தவிர வேறொன்றும் தெரியாத பயல் ஒரே வாரத்தில் கையைச் சுழற்றிப் பந்து போடுகிறான். ஓட்டத்தை எண்ணுவது வங்காளத்தில்: ஏக், துய், தின், சார், பாஞ்ச். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பாய் மலாயில் சொன்னதைச் சின்னவன் தமிழில் எனக்குச் சொன்னான். அவர் ஊரில் பனிக்கட்டியெல்லாம் விழாதாம். புகை மாதிரி மூடுபனிதான், எதிரில் வருகிற மாடு தெரியாதாம். நம் மார்கழி பிறக்கிற அதே டிசம்பர் நடுவில் அவர்களுக்குப் பௌஷ் மாதம். அப்போதுதான் ஈச்ச மரம் சீவுவார்கள். சாயந்தரம் மரத்தின் உச்சியில் ஒரு பக்கம் சீவி, குழாய் செருகி, மண் கலயத்தைக் கட்டிவிட்டால் இரவெல்லாம் சாறு சொட்டும். விடியும் முன்னே இறக்கிக் குடிக்க வேண்டுமாம், பல் கூசுகிற குளிரோடு. வெயில் ஏறினால் புளித்துவிடும்.

இதைக் கேட்டு என் அம்மாவுக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்கணும். நான் கூப்பிடப் போன அன்று பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். எத்தனை அங்குலம் சீவுவார்கள், தினமுமா, மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்களா, மழை வந்தால் என்ன செய்வார்கள் என்று பாயைக் குறுக்கு விசாரணை. பாதி மலாய், பாதி கை ஜாடை. "நாங்க இருட்டோட சீவி வெயிலுக்கு முன்ன பால் எடுப்போம், இவங்க சாயந்தரமே சீவிடறாங்க. பட்டை காயம் ஆறணும்னா விட்டு விட்டுத்தான் சீவணும், அவங்களும் அதையேதான் செய்றாங்க" என்றார் என்னிடம். இருபது வருஷமாக அம்மா பால் மரத்தைப் பற்றி வாயே திறந்ததில்லை. யாரும் கேட்கவில்லை, நான் உள்பட.

நான் கொஞ்சம் பயந்த சுபாவம். அன்றிரவு ஈச்சஞ்சாறு பற்றிப் போனில் தேடினேன். வௌவால் கலயத்தில் வாய் வைத்துவிட்டுப் போகும், அதைப் பச்சையாகக் குடித்தால் நிப்பா காய்ச்சல் வரும் என்று இருந்தது. நிப்பா யார்? நம்ம ஊர் பிள்ளை! 1998, 99இல் பன்றிப் பண்ணைகளில் பரவி இங்கே 105 பேரைக் கொண்டுபோனதே, நெகிரி செம்பிலானில் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரை வைத்தார்களே, அதுதான். மறுநாள் பாயிடம் கேட்டேன். தெரியும் என்றார். இப்போது கலயத்தைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டுகிறார்கள், குழந்தைகளுக்குக் காய்ச்சித்தான் கொடுப்பது என்றார். பிறகு மெதுவாக, "என் மகளுக்கும் அப்படித்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், கொடுக்கிறார்களா தெரியாது" என்றார். மகளுக்கு ஆறு வயது.

அங்கே பௌஷ் மாதத்தில் அரிசி மாவை நனைத்து, நடுவில் வெல்லமும் தேங்காய்ப்பூவும் வைத்து ஆவியில் அவிப்பார்களாம். பாப்பா பிட்டா என்று பெயர். "இது புட்டுலா!" என்று அம்மா எழுந்துவிட்டார். மறுநாள் புட்டு அவித்து, வெல்லம் மாதிரி இருக்கும் குலா மலாக்காவைச் சீவிப் போட்டு ஒரு தட்டு அனுப்பினார். பாய் சாப்பிட்டுவிட்டு, கிட்டத்தட்ட என்றார், சீனி வேறே என்றார். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

பெரியவள் கதை வேறு. அவளுக்குக் கிரிக்கெட்டும் இல்லை, ஈச்சமரமும் இல்லை. லயத்தில் போன் லைன் சரியாகக் கிடைக்காது, முதல் நான்கு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மார்கழி பஜனை நடந்துகொண்டிருந்தது. பாட்டி விடியற்காலை ஐந்து மணிக்கு டார்ச்சை முகத்தில் அடித்து எழுப்பிக் கூட்டிப்போயிருக்கிறார். மூன்றாம் நாளிலிருந்து அவளே எழுந்தாளாம். பக்தி என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே சூடாக மைலோவும் சுண்டலும் கிடைக்கும், அதோடு யாரோ அவள் கையில் ஜால்ராவைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போய்ப் பார்த்தேன். ஆறேழு பாட்டிகள், இரண்டு தாத்தாக்கள், நடுவில் என் மகள், தாளம் ஒரு பக்கம் அவள் ஒரு பக்கம். யாரும் திருத்தவில்லை. எனக்குத்தான் கை துடித்தது.

கிறிஸ்துமஸுக்குக் கோடி வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்தில் லயமே சாப்பிட்டது. கோழிக் கறி, நெய்ச் சோறு, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 5 வெள்ளி அங்பாவ் பண உறை.

சின்னவனுக்குக் கடைசியில் குளிர்காலம் கிடைத்தது. பங்களாதேஷ் நேரம் நமக்கு இரண்டு மணி பின்னால். ஜனவரி முதல் ஞாயிறு காலை ஒன்பதரைக்குப் பாய் வீட்டுக்கு வீடியோ கால் போட்டார், அங்கே ஏழரை. திரை முழுக்க வெள்ளை. கேமரா கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்த வெள்ளைக்குள்ளிருந்து சிவப்புக் குல்லாய் போட்ட ஒரு சின்ன முகம் வந்து, போனில் மூச்சு விட்டது. கண்ணாடி மங்கியது. பாய் சட்டை நுனியால் தன் போனைத் துடைத்தார், இந்தப் பக்கம். சின்னவன் குனிந்து, "ஏக், துய், தின்" என்றான். அந்தப் பிள்ளை அப்பாவிடம் ஏதோ கேட்டது. என்ன கேட்கிறது என்றேன். யார் இந்தப் பையன், அவன் ஏன் உங்கள் மடியில் இருக்கிறான் என்று கேட்கிறாள் என்றார். சின்னவன் அப்போதுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்துவிட்டு இறங்கித் திண்ணையில் தள்ளி உட்கார்ந்தான்.

அப்புறம் ஜனவரி 11. பிள்ளைகளை அழைத்துவரப் போகும்போது புதுச் சப்பாத்தை எடுத்துப் போனது என் தப்பு. பாட்டியிடம் காட்டணும் என்று போட்டுக்கொண்டவன், கடைசி ஓவர் என்று இறங்கிவிட்டான். முந்தின நாள் மழை. செம்மண் கணுக்கால் வரைக்கும். எங்கள் காலத்தில் வெள்ளைச் சப்பாத்து, சாக்குத் தடவித் தடவியே ஞாயிறு போய்விடும். 2021இலிருந்து எல்லாப் பள்ளிக்கும் கறுப்புத்தான், இல்லாவிட்டால் அன்றிரவு நான் அழுதிருப்பேன். "கறுப்புல யாருக்குத் தெரியப்போகுது, விடு" என்றார் வீட்டுக்காரர். விட முடியுமா. இரவு பத்து மணிக்குப் பின்பக்கக் குழாயடியில் பழைய பல் தூரிகையால் தேய்த்தேன். வலது முடிந்தது. இடதில் கையை விட்டால் உள்ளே உருண்டையாக ஏதோ சிக்கியது. கறுப்பு டேப் சுற்றிய பந்து. நான் பறித்துக்கொள்வேன் என்று ஒளித்து வைத்திருக்கிறான்.

சப்பாத்தை ஃபிரிஜ் பின்னால் சூட்டில் காயவைத்து, பந்தைத் துடைத்து ஃபிரிஜ் மேல் வைத்துவிட்டுப் படுத்தேன். காலை ஐந்தரைக்கு எழுந்து வந்து பார்த்தால், சாப்பாட்டு மேசை நாற்காலி ஃபிரிஜ் பக்கத்தில் நிற்கிறது.