கமென்ட் போட்டு மூடிய ஒரு வரி

போன மாதம் ஒரு பழைய நோட்.ஜேஎஸ் சர்வர் என் தலையில் விழுந்தது. அலுவலகத்துக்குள் மட்டும் ஓடுவது. லாகின் செய்தவர் பெயரில் கிளையன்ட் சான்றிதழ், அதாவது ஆளை அடையாளம் காட்டும் டிஜிட்டல் அட்டை, கொடுப்பதுதான் வேலை. அதன் சோர்ஸ் கோடைத் திறந்தால் எஸ்பிகேஏசி என்ற பழைய சான்றிதழ்க் கோரிக்கை வடிவம்! இதை இன்னும் யாராவது வைத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

நெட்ஸ்கேப் காலத்துச் சரக்கு இது. பக்கத்தில் கீஜென் டேக் இருந்தால் பிரவுசரே சாவி ஜோடியை உருவாக்கும். தனிச்சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பொதுச்சாவியையும் சேலஞ்சையும் (அந்த முறைக்கென்று சர்வர் தந்த ஒரு சரம்) சேர்த்துக் கையொப்பமிட்டு அனுப்பும். குரோம் 2017-இலும் ஃபயர்பாக்ஸ் 2019-இலும் அந்த டேக்கைத் தூக்கிவிட்டன. நோட்டின் கிரிப்டோ மாட்யூலில் மட்டும் அதற்கான சர்டிஃபிகேட் கிளாஸ் அப்படியே இருக்கிறது. எங்களிடம் பிரவுசரின் வேலையை ஓபன்எஸ்எஸ்எல் என்ற கிரிப்டோ கருவியை அழைக்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொண்டிருந்தது.

கையொப்பம் சரியா என்று பார்க்கும் வரி இருந்தது. அதற்குக் கீழே சேலஞ்சை ஒப்பிடும் வரியை யாரோ கமென்ட்டாக்கி முடக்கி, "எப்பவும் ஃபெயில் ஆகுது, அப்புறம் பாக்கலாம்" என்று எழுதியிருந்தார்கள்.

சும்மா சோதிக்கலாமே என்று, லாக் ஃபைலில் கிடந்த சக ஊழியர் ஒருவரின் மூன்று மாதப் பழைய கோரிக்கையை என் லாகினிலிருந்து அனுப்பினேன். சான்றிதழ் வந்துவிட்டது: பெயர் என்னுடையது, சாவி அவருடையது! அவர் நினைத்தால் நானாக உள்ளே நுழையலாம். இன்று வழக்கமான பிகேசிஎஸ்10 வடிவக் கோரிக்கையில் கையொப்பமிட்ட பகுதிக்குள்ளேயே பெயர் உண்டு. எஸ்பிகேஏசியில் அதுவும் கிடையாது. சாவிக்காரர் என்றோ ஒருநாள் கையொப்பமிட்டார், அவ்வளவுதான் அது சொல்லும். இன்று, இந்த லாகினுக்காக இட்டதா என்பதற்குச் சேலஞ்ச் ஒன்றுதான் சாட்சி.

சரி, ஏன் எப்பவும் ஃபெயில் ஆனது? சேலஞ்சை எடுத்துத் தரும் ஃபங்ஷன் பஃபரை (பைட்களின் தொகுப்பை) திருப்பித் தருகிறது. செஷனில் இருப்பதோ ஸ்ட்ரிங். இரண்டையும் மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்டால் ஏழேழு ஜென்மத்துக்கும் ஃபால்ஸ்தான். பாவம், அந்த வரியை மூடியவருக்கு அன்று என்ன அவசரமோ.

இப்போது இரண்டையும் பஃபராக்கி, நீளத்தை முதலில் பார்த்து (நீளம் வேறானால், ஒப்பிட நான் பயன்படுத்தும் நோட்டின் டைமிங்சேஃப்ஈக்வல் ஃபங்ஷன் எர்ரர் வீசும்), பிறகு ஒப்பிடுகிறேன். ஒருமுறை பார்த்த சேலஞ்சைச் செஷனிலிருந்து அழித்தும் விடுகிறேன். அப்புறம்தான் கவனித்தேன்: கையொப்பத்துக்கு எந்த டைஜஸ்ட் (ஹாஷ் முறை) என்று ஸ்கிரிப்ட் குறிப்பிடவில்லை. ஓபன்எஸ்எஸ்எல்லின் எஸ்பிகேஏசி கட்டளைக்கு அப்படி விட்டால் பலவீனமான பழைய எம்டி5தான். பிகேசிஎஸ்10-க்கு மாற இரண்டு வாரம் கேட்டிருக்கிறேன்.