மூன்றா, ஐந்தா?

பூகம்பத்துக்குக் கட்டடம் வடிவமைக்கும் இந்திய நெறிமுறையான ஐ.எஸ். 1893 2002-இல் திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் பூகம்ப மண்டலத்திலிருந்து மூன்றாவதுக்கு ஏறியது. அந்தத் திருத்தத்தின்படி மண்டலக் காரணி, அதாவது பூகம்ப விசையைக் கணக்கிட மண்டலத்துக்கு மண்டலம் வைக்கும் எண், இரண்டாவதுக்கு 0.10, மூன்றாவதுக்கு 0.16. அப்படியானால் கம்பிச் செலவு எகிறியிருக்க வேண்டுமே? அவ்வளவாக இல்லை. சூட்சுமம் வகுக்கும் எண்ணில் இருக்கிறது.

பெரிய பூகம்பத்தை விரிசலே விடாமல் தாங்கும்படி ஃப்ளாட் கட்டினால் கட்டுப்படியாகாது. கட்டடம் சேதமாகலாம், ஆட்கள் மேல் விழக்கூடாது, அவ்வளவுதான் பேச்சு. அதனால் கட்டடம் வடிவமைக்கிற நாங்கள் கணக்கில் வரும் பூகம்ப விசையை வகுத்துக் குறைக்கிறோம். சாதாரண பீம்-காலம் (உத்தரம்-தூண்) சட்டகத்துக்கு 3, பூகம்பத்துக்கான கம்பி விவரங்களைச் சொல்லும் ஐ.எஸ். 13920 நெறிமுறைப்படி கம்பி கட்டினால் 5. நாலைந்து மாடிக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் மண்டலம், வகுக்க 3: பக்கவாட்டு விசை கட்டட எடையில் சுமார் 4.2 சதவீதம். மூன்றாம் மண்டலம், வகுக்க 5: 4 சதவீதம். மண்டலம் ஏறியும் விசை குறைகிறது!

இந்தத் தள்ளுபடிக்கான நிபந்தனை சைட்டில்தான் நிறைவேற வேண்டும். காலத்தின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனையை 90 டிகிரியில் மடக்கினால், ஆட்டத்தில் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாய் திறந்துவிடும். நெடுக்குக் கம்பி வெளியே பிதுங்கும். 135 டிகிரி என்றால் கொக்கி உள் கான்கிரீட்டுக்குள் மாட்டி நிற்கும். கூடுதல் கம்பி சில சென்டிமீட்டர்தான். ஆனால் "கோக்கவே முடியல சார்" என்று கம்பி கட்டுகிறவர் 90-இலேயே விட்டுவிடுவார். கான்கிரீட் ஊற்ற ஷட்டர் பலகை அடைக்கும் முன் பார்த்தால்தான் உண்டு.

அதனால் எங்கள் ஆள் சைட்டில் நிற்காத வேலைக்கு, 13920 விவரங்களை அப்படியே வரைந்துவிட்டு விசையை மட்டும் 3-ஆல் வகுக்கிறேன். நெறிமுறை அப்படிக் கேட்கவில்லை. கம்பி கூடும், பில்டர் முணுமுணுப்பார். சரி, முணுமுணுக்கட்டும்.

ஸ்டில்ட் பார்க்கிங் இருந்தால், அதாவது கார் நிறுத்தக் கீழ்த்தளத்தை வெறும் காலங்களோடு விட்டால், இதுவும் போதாது. மேல் மாடிகளில் செங்கல் சுவர் விறைப்பாக நிற்க, அசைவு முழுவதும் சுவரில்லாத கீழ்த்தளக் காலங்களில் வந்து சேரும். 2001 பூஜ் பூகம்பத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் இப்படிப்பட்ட அடுக்குமாடிகள் பல விழுந்தன. அதுவும் மூன்றாம் மண்டலம்தான்.

இப்படிப்பட்ட கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கான்கிரீட் சுவர் கேட்பேன். "லிஃப்டைச் சுற்றி வச்சுக்கங்களேன்" என்பார்கள். லிஃப்ட் பெரும்பாலும் ஒரு மூலையில் இருக்கும். அங்கே மட்டும் வைத்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். எதிர் மூலையிலும் ஒன்று வேண்டும். அங்கேதான் ஒரு கார் நிறுத்தும் இடம் போகும். பேச்சுவார்த்தை பெரும்பாலும் அந்த ஒரு காரைப் பற்றித்தான்.